ஏஐ எழுதியதா? சதவீதத்தை நம்பாதீர்கள்

மாணவர் கொடுத்த கட்டுரையை ஏஐ எழுதியதோ என்று ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால், கண்டுபிடித்துத் தரும் தளத்தில் ஒட்டிப் பார்த்து, அது காட்டும் சதவீதத்தை வைத்து மட்டும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையிலேயே ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் மூடிவிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் எளிய நடையை இத்தகைய கருவிகள் அதிகம் சந்தேகிப்பதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு காட்டினார்கள். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம்.

அதற்குப் பதில், கட்டுரையில் வரும் நூல், ஆண்டு, மேற்கோள் எல்லாம் உண்மையில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லாததையும் ஏஐ துணிந்து எழுதும். சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

அப்புறம், கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியை, அதாவது எப்போது என்ன மாற்றம் செய்தார்கள் என்ற பதிவை, திறந்து காட்டச் சொல்லுங்கள். கட்டுரை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததா, ஒரே மூச்சில் ஒட்டப்பட்டதா என்று தெரியும். ஒட்டியிருந்தாலும் உடனே குற்றம் சாட்டாமல், ஏதாவது ஒரு பத்தியைக் காட்டி, "இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுப்பா" என்று கேளுங்கள்.