பழைய ரசிகர்கள் ‘பிளாக்லிஸ்ட்’ ஆடும் முறை

2010இல் ‘ஸ்பிளின்டர் செல்’ என்னும் ஒளிந்து ஆடும் வீடியோ கேம் தொடரில் ‘கன்விக்‌ஷன்’ வந்தபோது பழைய ரசிகர்கள் கொதித்தார்கள், நானும்தான். வீழ்த்திய எதிரியைத் தூக்கி இருட்டில் மறைக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். கோபம் நியாயம். அதற்காக அதே தொடரில் 2013இல் வந்த ‘பிளாக்லிஸ்ட்’டை ஒதுக்காதீர்கள்.

முதலில் ‘பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ கடினநிலையைத் தேர்ந்தெடுங்கள். பலரைக் குறித்துவைத்து ஒரே மூச்சில் சுட்டுத்தள்ளும் வசதி அதில் கிடையாது. அப்புறம் ‘கோஸ்ட்’ பாணியில் ஆடுங்கள். காவலரைத் தொடாமல், அவருக்குத் தெரியாமலே கடந்தால்தான் அதில் அதிகப் புள்ளி. குழாயில் தொங்கியபடி ரோந்துப் பாதையை முழுசாகப் பாருங்கள், பிறகு நகருங்கள். யாரையாவது அடித்து மயக்கியே ஆகவேண்டும் என்றால் சரி, உடலை ஒளித்துவிடுங்கள், இதில் முடியும்.

கட்டாயச் சண்டைகளைச் சீக்கிரம் முடியுங்கள். நாயகனின் கூட்டாளி கிரிம் தரும் பணிகளை மட்டும் விடவே விடாதீர்கள். கண்ணில் பட்டால் பணி தோல்வி; நாம் கேட்ட பழைய ஆட்டம் அங்கேதான் இருக்கிறது.