ஒரே மார்ச், இரண்டு வேலைக் கணக்கு: எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது எப்படி?

அமெரிக்க வேலைவாய்ப்புத் தரவுதான் எனக்கு அன்றாடப் பிழைப்பு. புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பது இது: "ரெண்டும் முதலாளிங்க கொடுத்த கணக்குதானே, ஏன் ஒத்துவரலை?"

முதலில் எண்ணை விடுங்கள், அது எப்படி வந்தது என்று பாருங்கள். தொழிலாளர் புள்ளியியல் பணியகமே இரண்டு கணக்கு வெளியிடுகிறது. மாதாமாதம் செய்தியில் அடிபடும் சி.இ.எஸ்., சுமார் 1,20,000 நிறுவனங்களிடமும் அரசு அமைப்புகளிடமும் கேட்டு எடுக்கும் மாதிரி ஆய்வு. கியூ.சி.இ.டபிள்யூ., வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் காலாண்டுதோறும் மாநிலத்தில் தாக்கல் செய்யும் கணக்கு. 95 சதவீதத்துக்கும் மேலான வேலைகள் இதில் வந்துவிடும். ஆனால் வெளியாகப் பல மாதம் ஆகும்.

இரண்டுமே 12-ஆம் தேதி அடங்கும் சம்பளக் காலத்தைத்தான் எண்ணுகின்றன. எனவே தேதியில் நேரத்தை வீணாக்காதீர்கள். பருவகாலத் திருத்தத்தை, அதாவது வருடாவருடம் அதே பருவத்தில் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்குவதை, பாருங்கள்: செய்தியில் வரும் சி.இ.எஸ். எண் திருத்தப்பட்டது, மற்றது திருத்தப்படாதது. திருத்தாததோடு திருத்தாததை ஒப்பிட்டாலே இடைவெளி நிறையச் சுருங்கும்.

அப்புறம், யார் விடுபட்டார்கள்? தான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே பகுதிநேரமாகப் புத்தகம் அடுக்கும் மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் வேலைக்கு வேலையின்மைக் காப்பீடு கிடையாது, அதனால் கியூ.சி.இ.டபிள்யூ.வில் இருக்கமாட்டாள், சி.இ.எஸ்.ஸில் இருப்பாள். தனிக் காப்பீட்டுத் திட்டம் உள்ள ரயில்வே ஊழியர்களும், தேவாலய ஊழியர்களில் பலரும் அப்படித்தான். பண்ணைத் தொழிலாளர் கதை நேர்மாறு: சி.இ.எஸ். அவர்களை எண்ணுவதே இல்லை. கலிஃபோர்னியாவின் விவசாய மாவட்டங்களைப் பார்க்கும்போது இதை மறக்கவே கூடாது.

மாதிரியில் இன்னும் சேராத புது நிறுவனங்களின் வேலையை சி.இ.எஸ். ஒரு கணிப்புச் சூத்திரத்தால் நிரப்புகிறது. அந்தக் கணிப்பு தவறினால், ஆண்டுக்கொருமுறை மார்ச் அளவைக் காப்பீட்டுக் கணக்கோடு நேர்செய்யும்போது தெரியும். 2024 மார்ச் கணக்கில் 8,18,000 வேலை குறையும் என்று முதலில் அறிவித்தார்கள். இறுதியில் குறைந்தது ஏறக்குறைய 6 லட்சம். இதைச் சிலர் தில்லுமுல்லு என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. முழுக் கணக்கு கைக்கு வந்ததும் திருத்துவதுதான் நேர்மை.

மூன்றாவதாக இன்னொரு கணக்கும் கண்ணில் படும்: மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகத்தின் கவுண்டி (மாவட்ட) வணிகத் தரவு. அதில் அரசு ஊழியர் பெரும்பாலும் இல்லை. அதைத் தனியார் துறையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

போன மாதப் போக்கு வேண்டுமா, சி.இ.எஸ்.ஸை எடுங்கள். ஒரு கவுண்டியில் ஒரு தொழிலின் நிலவரம் வேண்டுமா, காத்திருந்து கியூ.சி.இ.டபிள்யூ.வை எடுங்கள்.