கெடுவுக்கு முன்பே கார் பராமரிப்பு: மாசியில் ஒரு முறை, புரட்டாசியில் ஒரு முறை

காருடன் தரப்படும் கையேட்டில் "10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது" என்று அச்சிட்டிருப்பதை, அதுவரை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்ற அனுமதியாகவே பலரும் படிக்கிறார்கள். அது கடைசி எல்லை. அதே கையேட்டைச் சற்றுப் புரட்டினால், தூசி மிகுந்த சாலை, ஊர்ந்தும் நின்றும் செல்லும் நெரிசல், அடிக்கடி மேற்கொள்ளும் சிறு தூரப் பயணம் ஆகியவற்றைக் கடினமான பயன்பாடு என்று தனியே வகுத்து, அவற்றுக்குக் குறுகிய இடைவெளியைக் கூறும் பகுதி பெரும்பாலும் இருக்கும். சென்னையிலோ மதுரையிலோ அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கார் ஓட்டுபவர் அந்தப் பகுதிக்குள்தான் வருகிறார். எனவே முதலில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அதில் உள்ள எண்களையே உங்கள் காருக்குரிய எண்களாகக் கொள்ளுங்கள்.

நாள் குறிப்பதற்கு, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைவிடப் பருவகாலம் நல்ல வழிகாட்டி. மாசி மாதத்தில் ஒரு முறையும் புரட்டாசியில் ஒரு முறையும் காரைப் பார்த்துவிட்டால், கோடை வெப்பமும் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும் முன்பே அதைத் தயார்நிலையில் வைத்துவிடலாம். கன்னியாகுமரி, நீலகிரி, வால்பாறை போன்று தென்மேற்குப் பருவமழையும் வலுவாகப் பெய்யும் பகுதிகளில் வசிப்பவர்கள் மழைக்கான பணிகளை மே மாதத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. முதல் மழை பெய்த மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கூடும் கூட்டத்துக்கு முன்பே சென்றால், மெக்கானிக் நிதானமாகப் பார்ப்பார்; கைவசம் இல்லாத பாகத்தை வரவழைக்கவும் அவகாசம் இருக்கும். வழியில் நின்றுபோன காருக்கு, அருகில் எந்தக் கடை திறந்திருக்கிறதோ அங்கே என்ன கிடைக்கிறதோ அதையே மாட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

முன்கூட்டியே செய்வதற்கு மிகவும் தகுதியானது இன்ஜின் ஆயில் மாற்றம். மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் காரில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதில்லை. அதனால் அதில் கலக்கும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் தங்கிவிடுகின்றன. நெரிசலிலோ ஓடோமீட்டர் நகராமல் இருக்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நகருக்குள் ஓடும் காருக்கு 10,000 கிலோமீட்டர் வரை காத்திராமல் 7,000 அல்லது 8,000 கிலோமீட்டரிலேயே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடலாம். குறைவாகவே ஓடும் காராக இருந்தாலும் ஓராண்டைத் தாண்ட விடக்கூடாது. கையேடு கூறும் தரத்திலேயே ஆயில் வாங்க வேண்டும். வெயில் அதிகம் என்பதற்காகத் தாமாகவே கெட்டியான ஆயிலுக்கு மாறுவது, மெல்லிய ஆயிலுக்கென வடிவமைக்கப்பட்ட இன்றைய இன்ஜின்களுக்கு நன்மை செய்யாது. மாற்றிய பிறகு சமதளத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, ஆயில் மட்டத்தைக் காட்டும் கம்பியை (டிப்ஸ்டிக்) எடுத்து நீங்களே ஒரு முறை பாருங்கள்.

அடுத்தது பிரேக் ஆயில். பலர் ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுவது இதைத்தான். நான் மிகவும் வற்புறுத்துவதும் இதைத்தான். கார்களில் பரவலாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவு 155 டிகிரி மட்டுமே. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையிலோ 40 வளைவுகள் உள்ள வால்பாறைச் சாலையிலோ தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகலாம். குமிழ் அமுங்கிவிடும் என்பதால், மிதித்த அழுத்தம் சக்கரத்தைச் சென்றடையாமல் பெடல் மட்டும் கீழே இறங்கும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். ஒன்றரை ஆண்டு கடந்த நிலையில் மலைப்பயணம் திட்டமிட்டிருந்தால், புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள். முன்பே திறந்து வைத்த புட்டியிலும் ஈரம் ஏறியிருக்கும் என்பதால், புதிய புட்டியை உங்கள் முன்னால் திறந்து ஊற்றச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். குழாயிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டிய வேலை இது. பழக்கமில்லாதவர் வீட்டில் முயலக் கூடாது. அதே நேரத்தில், சக்கரத்துடன் சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 4 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடாமல் மாற்றுவதே என் பரிந்துரை. பேட் முழுவதும் தேய்ந்து அடித்தகடு உரசத் தொடங்கினால், அதைவிட விலை கூடிய டிஸ்க்கும் கெட்டுவிடும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மாசியில் பார்க்க வேண்டும். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, பக்கத்துத் தொட்டியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையே அளவு இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டுக் காயப்படுத்தும். குறைந்திருந்தால் கையேடு கூறும் வகையையே சேருங்கள். போர் தண்ணீரிலுள்ள உப்புகள் உள்ளே படியும் என்பதால் அதை ஊற்றக் கூடாது. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஊற்றிக்கொண்டே இருப்பது அதற்குத் தீர்வாகாது.

பேட்டரி நம் வெப்பத்தில் பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுகளே உழைக்கும். மூன்றாம் ஆண்டு முடிந்ததும், இரவு முழுவதும் நின்றிருந்த காரில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. நீண்ட தூரம் ஓட்டிய மறுநாளும் அளவு குறைந்தே இருந்தால், கடையில் லோடு டெஸ்ட் (மின்சுமை கொடுத்துப் பேட்டரியைச் சோதிப்பது) செய்து மாற்றுவதைப் பற்றி முடிவெடுங்கள்.

புரட்டாசிப் பணிகளில் டயரே முதன்மையானது. டயர்ப் பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகள், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டதைக் காட்டுபவை. டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்தை எட்டும்வரை ஓட்டலாம் என்றாலும், தேங்கிய நீரை ஒதுக்கித் தள்ளும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது. பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிய டயருடன் ஐப்பசி மழையை எதிர்கொள்ள வேண்டாம். வெயிலில் இறுகிய வைப்பர் ரப்பரையும் இதே தருணத்தில் மாற்றிவிடலாம், செலவு சிறிது.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், கையேடு கூறும் கிலோமீட்டரையும் ஆண்டையும் ஒருபோதும் தாண்டாதீர்கள். அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பழைய கார் வாங்கியவர், முன்பு மாற்றியதற்கான ரசீது இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே கொண்டு செயல்பட வேண்டும்.

எல்லாவற்றையும் முந்திச் செய்ய வேண்டும் என்பதில்லை. நீடித்து உழைக்கும் இரிடியம் ஸ்பார்க் பிளக்கை பாதியிலேயே கழற்றுவதும், கோளாறு எதுவும் இல்லாதபோது இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது), இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) சுத்தம் என்று ரசீதில் சேர்க்கப்படும் வேலைகளும் தேவையற்றவை. கையேட்டில் இல்லாத எந்த வேலைக்கும் காரணம் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டி உள்ள காருக்கு இடையில் ஆயில் மாற்றினாலும், நிறுவனம் குறித்த சர்வீஸ்களைத் தவறாமல் செய்து, தேதியும் கிலோமீட்டரும் உள்ள ரசீதுகளை ஒரே கோப்பில் வைத்திருங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் அந்தக் கோப்பைத்தான்.