பழைய பேஸ்பால் அட்டைகள்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள்ளும் சூயிங்கம் உறைக்குள்ளும் வைத்து விற்கப்பட்ட, பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறிய அட்டைகள் இன்று பெரும் தொகைக்கு ஏலம் போகின்றன. 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் அட்டைகளுள் ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோனது. இத்தகைய செய்தியைப் படித்துவிட்டுச் சேகரிப்பில் இறங்குபவர்கள் பலர் ஆட்டக்காரரின் முகத்தைப் பார்க்கிறார்களே தவிர, அது அச்சாகியிருக்கும் அட்டையைப் பார்ப்பதில்லை.

கூர்மையான மூலைகளைக் கண்டு மயங்குவது இதில் முதன்மையான தவறு. நூறாண்டுப் பழைய அட்டையின் மூலைகள் மழுங்கியிருப்பதே இயல்பு என்பதால், மழுங்கிய ஓரத்தை நூலளவு வெட்டியெடுத்துப் புதிதுபோல் காட்டும் மோசடி நெடுங்காலமாக நடந்துவருகிறது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வெளியான டி206 என்ற வரிசையைச் சேர்ந்த, ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டையே இதற்குச் சான்று. அதன் மிகப் புகழ்பெற்ற பிரதியை ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி, தம் அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலுடன் சேர்ந்து 1991இல் 4,51,000 டாலருக்கு வாங்கினார். தரமதிப்பீட்டு நிறுவனமான பிஎஸ்ஏ அதற்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் வழங்கியது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆகவே மதிப்பெண் சீட்டு ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் உறையில் இருந்தாலும், அதே வரிசையில் வந்த பெயர் பெறாத ஆட்டக்காரரின் மலிவான அட்டை ஒன்றை அருகில் வைத்து, நீள அகலத்தையும் ஓரத்தின் தேய்மானத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அக்கால ஆலைகளில் வெட்டு துல்லியமாக இருந்ததில்லை என்பதால், மிகச் சிறிய அளவு வேறுபாட்டை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டவும் முடியாது.

மறுபதிப்பை அசல் என நம்பி வாங்குவது அடுத்தது. டாப்ஸ் நிறுவனமே 1952ஆம் ஆண்டு வரிசையை 1983இல் மறுபதிப்புச் செய்தது. அசல் அட்டை 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டது. மறுபதிப்போ பிற்காலத்தில் வழக்கமாகிவிட்ட சிறிய அளவில் இருக்கும். அளவில் பிடிபடாத போலியை உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும்: அசலில் திண்ணமான கறுப்பு மையாகத் தெரியும் எழுத்து, படமெடுத்து அச்சிட்ட போலியில் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். புற ஊதா விளக்கும் கைகொடுக்கும். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிர்பொருட்கள் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்துக்குப் பின்னரே பரவலாயின. எனவே 1933ஆம் ஆண்டு கவுடி நிறுவனத்தின் பேப் ரூத் அட்டை என்று சொல்லப்படுவது அவ்விளக்கின்கீழ் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் அதை வாங்காதிருப்பதே நலம்.

ஓர் ஆட்டக்காரரின் முதல் அட்டைதான் விலையுயர்ந்தது என்ற எண்ணமும் தவறு. மேன்டிலின் அறிமுக அட்டை 1951இல் போமன் நிறுவனம் வெளியிட்டது. ஆயினும் சந்தை அதைவிட உயர்த்திப் பிடிப்பது 1952 டாப்ஸையே. விற்காமல் தேங்கிய அவ்வரிசைப் பெட்டிகளை டாப்ஸ் ஊழியர் சை பெர்கர் 1960இல் நியூ ஜெர்சிக் கடலில் கொட்டச் செய்தார் என்ற கதையும் அதன் கவர்ச்சியைக் கூட்டியது. இதற்கு மாறாக, 1980களின் பிற்பகுதியில் அளவுகடந்து அச்சிடப்பட்ட அட்டைகளுள் பெரும்பாலானவற்றை, வயதாகிவிட்டது என்பதற்காக எவரும் விலை கொடுத்துக் கேட்பதில்லை.

வாங்கிய பின் அழுக்கை அழிப்பானால் தேய்ப்பது, மடிப்பை நீரால் நனைத்து அழுத்துவது ஆகியவை அட்டையின் மதிப்பைக் கெடுக்கும். மடிப்பு விழுந்த, ஆனால் எவரும் கைவைக்காத அட்டையையே நான் தேர்ந்தெடுப்பேன். ரப்பர் வளையம் ஓரங்களை அறுக்கும். பிவிசி கலந்த பழைய ஆல்பத் தாள்கள் காலப்போக்கில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். திருகாணி முடுக்கும் உறைகள் அட்டையை நசுக்கித் தட்டையாக்கும். அமிலமற்ற மெல்லிய உறைக்குள் இட்டு, அதைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் செருகி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைத்தால் போதும்.