இத்தாலியில் முதல் மாதம்: வாசல் மணியில் பெயர் ஒட்டுவதிலிருந்து தொடங்குங்கள்

நான் பொலோன்யாவுக்கு வந்து ஐந்தாவது ஆண்டு நடக்கிறது. புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, முதலில் எதைச் செய்யணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். விசா, விமானச் சீட்டு, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் முடித்துத்தான் வந்திருப்பீர்கள். அவற்றுக்குள் போகவில்லை.

இந்த நாட்டில் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் "நான் வந்திருக்கிறேன்" என்று முதலில் தெரிவிக்க வேண்டும். கடை, வீடு, டாக்டரின் காத்திருப்பு அறை, அரசாங்கக் கோப்பு, எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். இது பிடிபட்ட பிறகுதான் எனக்கு இத்தாலியர்கள் நெருக்கமானார்கள்.

படி 1: பெயரை எந்த வரிசையில் எழுதுவது

வந்தவுடன் வாங்க வேண்டியது கோதிச்சே ஃபிஸ்காலே என்கிற வரி எண். வீட்டு வாடகை ஒப்பந்தம், சிம் கார்டு, வங்கிக் கணக்கு, டாக்டர் என எங்கே போனாலும் இதைக் கேட்பார்கள். 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. இது சும்மா கொடுக்கப்படும் வரிசை எண் இல்லை, உங்கள் பெயரிலிருந்தே பிறக்கிறது. நான் சறுக்கியது இங்கேதான்.

படிவங்களில் முதல் கட்டம் கொன்யோமே, அதாவது குடும்பப் பெயர். அடுத்தது நோமே, சொந்தப் பெயர். நமக்கோ பெயர் என்றால் சொந்தப் பெயர்தான் முன்னால். பழக்க தோஷத்தில் நானும் முதல் கட்டத்தில் என் பெயரையும் அடுத்ததில் அப்பா பெயரையும் எழுதிவிட்டேன்.

என்ன ஆகும் என்று ஓர் உதாரணத்தில் பாருங்கள். சொந்தப் பெயர் கவிதா (Kavitha), அப்பா பெயர் செல்வம் (Selvam) என்று வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயரிலிருந்து முதல் மூன்று மெய்யெழுத்துகளை எடுப்பார்கள்: எஸ், எல், வி. சொந்தப் பெயரில் மெய்யெழுத்து நான்கோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்றாவது, மூன்றாவது, நான்காவது மட்டும் வரும்: கே, டி, எச். ஆக, எண் எஸ்-எல்-வி-கே-டி-எச் என்று தொடங்க வேண்டும். கட்டம் மாறினால் கே-வி-டி-எஸ்-வி-எம் என்று தொடங்கும். கணினிக்கு இவர்கள் இரண்டு வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டில் ஒருத்தி, வரி எண்ணில் இன்னொருத்தி என்று ஆகி, வங்கியில் கணக்குத் தொடங்க முடியாமல் ஆறு வாரம் அலைந்தேன்.

எண் கையில் கிடைத்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள். ஆறு எழுத்துக்குப் பிறகு பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு தேதி. பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டியிருப்பார்கள். 12-ஆம் தேதி பிறந்தவளுக்கு 52 என்று இருக்கும், அது பிழை இல்லை. அடுத்து பிறந்த இடம்: இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இசட் 222, இலங்கையில் பிறந்தவர்களுக்கு இசட் 209. கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள், குடும்பப் பெயர் வரியில் என்ன வர வேண்டும் என்பதை ஊரிலேயே முடிவுசெய்து திருத்திக்கொண்டு வருவது நல்லது. இங்கே வந்த பிறகு திருத்தினால் ஒவ்வொரு அலுவலகமாக ஏற வேண்டும்.

குடியிருப்பு அனுமதிக்கு, வந்து சேர்ந்த 8 வேலை நாட்களுக்குள் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். மாணவர்களுக்கு அதற்கான விண்ணப்ப உறை தபால் நிலையத்தில் கிடைக்கும். விண்ணப்பத்துக்கான 16 யூரோ வரி முத்திரையைத் தபாக்கி கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய 'டி' எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடைதான் அது. பஸ் டிக்கெட்டும் அங்கேயே விற்கும். காகித டிக்கெட் என்றால் பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் பதிய மறக்காதீர்கள். பதியாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.

படி 2: வாசல் மணியில் பெயர்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

நம் ஊர் அடுக்குமாடியில் கதவு எண் உண்டு. இங்கே முகவரியில் தெருவும் கட்டட எண்ணும் இருக்கும், வீட்டு எண் பெரும்பாலும் இருக்காது. கீழே சித்தோஃபோனோ என்ற மணிப்பலகையில் வரிசையாகக் குடும்பப் பெயர்கள் மட்டும் இருக்கும். தபால்காரர் அந்தப் பெயரையும் தபால் பெட்டியில் உள்ள பெயரையும்தான் பார்ப்பார். உங்கள் பெயர் இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை. கடிதம் திரும்பிப் போய்விடும்.

வீட்டுக்காரர் எழுதித் தருவதாகச் சொன்னார் என்று நான் மூன்று வாரம் காத்திருந்தேன். அதற்குள் ஒரு பதிவுத்தபால் திரும்பிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் நகராட்சியில் குடியிருப்பைப் பதிவு செய்தபோது வந்தது. பதிவு செய்த 45 நாட்களுக்குள் நகராட்சிக் காவலர் ஒருவர், நீங்கள் நிஜமாகவே அங்கே வசிக்கிறீர்களா என்று பார்க்க வரலாம். முன்கூட்டிச் சொல்ல மாட்டார். என் கட்டடத்துக்கு வந்தவர் பலகையில் பதினாறு பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனதைப் பக்கத்து வீட்டம்மாதான் சொன்னார். அன்று மாலையே அவர் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டும் செல்லோடேப்பும் கொண்டுவந்து, என் அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் எழுதவைத்து, மணியிலும் பெட்டியிலும் தன் கையாலேயே ஒட்டினார். விரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்துவிட்டு, "இனி நீ இங்கே இருக்கிறாய்" என்றார்.

சாவி வாங்கிய அன்றே ஒட்டிவிடுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான். மழையில் கரையாத மை நல்லது.

படி 3: வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள்

கடைக்குள் நுழைந்தால் முதல் சொல் புவோன்ஜோர்னோ. மதியத்துக்கு மேல் புவோனசேரா. எந்த நேரத்தில் எது என்று ஊருக்கு ஊர் மாறும், குழப்பமாக இருந்தால் சால்வே என்று சொல்லலாம். வெளியே வரும்போது அர்ரிவெதேர்ச்சி. ஒன்றும் வாங்காவிட்டாலும் சொல்ல வேண்டும். லிஃப்டில் சந்திப்பவருக்கும் உண்டு. சாவ் (ciao) என்ற வணக்கம் நண்பர்களுக்கும் குழந்தைகளுக்கும். அதிகாரியிடம் அதைச் சொல்லாதீர்கள்.

நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குப் புதிதல்ல. இங்கே மரியாதைக்கு லேய். அதே சொல்லுக்கு 'அவள்' என்றும் பொருள் உண்டு, வினையும் படர்க்கையில் வரும். ஆங்கிலத்தில் யோசித்தால் தலை சுற்றும். நம் கிராமத்தில் பெரியவரிடம் நேராக 'நீங்கள்' போடாமல் "ஐயா சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள், உடனே புரிந்துவிடும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க "கோமே ஸ்தா?" மரியாதை, "கோமே ஸ்தாய்?" நெருக்கம். எதிரில் இருப்பவரே "து", அதாவது 'நீ', என்று பேசலாம் என்று சொல்லும்வரை லேய்தான்.

டாக்டரின் அறை, சின்ன அலுவலகங்களில் டோக்கன் இயந்திரம் இல்லையென்றால் வரிசை கண்ணுக்குத் தெரியாது. நுழைந்ததும் எல்லோருக்கும் பொதுவாக "கி ஏ லுல்த்திமோ?" என்று கேளுங்கள். கடைசியாக வந்தவர் யார் என்று அர்த்தம். ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்தது நீங்கள். அடுத்து வருபவர் கேட்கும்போது நீங்கள் கை தூக்க வேண்டும். யார் எங்கே உட்கார்ந்தாலும் வரிசை கலையாது. இவ்வளவு அழகான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படி 4: காப்பியும் சாப்பாடும்

பார் என்றால் இங்கே காப்பிக் கடை, பயப்படாமல் போங்கள். "ஊன் கஃபே" என்றால் எஸ்பிரெஸோ வரும். லாத்தே என்று மட்டும் கேட்டால் வெறும் பால் வரும். நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை. ரயில் நிலையம் மாதிரி கூட்டமான இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி ரசீதை வாங்கிக் காப்பி போடுபவரின் மேடைமேல் வைக்க வேண்டும். கப்புச்சீனோ காலைக்கு மட்டும். சாப்பாட்டுக்கு மேல் பால் குடித்தால் செரிக்காது என்பது இவர்கள் நம்பிக்கை.

வீட்டுக்கு என் பரிந்துரை அடுப்பில் வைத்துக் காப்பி இறக்கும் மூன்று கப் மோக்கா பாத்திரம், அலுமினியத்தில். 1933-இல் பியலெத்தி உருவாக்கிய அதே எண்கோண வடிவம். காப்ஸ்யூல் இயந்திரத்துக்குப் பணம் போடாதீர்கள். ஃபில்டர் காப்பிக்குத் தூளை மெல்ல அழுத்துவோமே, மோக்காவில் அழுத்தவே கூடாது. தண்ணீர், கீழ்ப் பாத்திரத்தில் உள்ள ஆவி வால்வுக்குக் கீழேவரைதான். தனியாகப் பால் காய்ச்சிக் கலந்தால் ஊர்க் காப்பிக்கு மிகக் கிட்டே வருகிறது.

சைவர்கள் கவனிக்க: பொலோன்யாவில் பூரணம் வைத்த பாஸ்தா இரண்டு உண்டு. தொர்தெல்லீனி சின்னது, உள்ளே பன்றி இறைச்சி. தொர்தெல்லோனி பெரியது, பெரும்பாலும் உள்ளே ரிகோத்தா பாலாடைக்கட்டி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், நாக்குத் திருந்தும்வரை மெனுவில் விரல் வைத்துக் காட்டுங்கள். தொர்தெல்லோனியை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள், அருமையாக இருக்கும். ரிஸோத்தோ என்ற அரிசிச் சாப்பாடும் சூப்பும் இறைச்சிச் சாறில் வெந்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்று நொதி சேர்கிறது. பீட்சா மரினாராவில் பெயரில் கடல் இருப்பதைப் பார்த்து மீன் என்று ஒதுங்க வேண்டாம். தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டுமே.

சூப்பர் மார்க்கெட்டில் காய் எடுக்கும் முன் அங்கே தொங்கும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொள்ள வேண்டும். சந்தையில் தொடவே கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். பழம் இன்றைக்கா நாளைக்கா என்று கேட்பார். சொன்னால் அதற்கேற்ற பதத்தில் பொறுக்கித் தருவார்.

படி 5: மூடியிருக்கும் நேரங்கள்

சிறு கடைகள் மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை, நான்கு வரை மூடியிருக்கும். உணவக அடுப்படி இரண்டரைக்கு மேல் ஏழு மணிவரை கிடையாது. அந்த இடைவெளியில் பசித்தால் துண்டு பீட்சா கடைதான் துணை. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ என்ற விடுமுறை நாள், அதை ஒட்டிய வாரங்களில் பாதி ஊர் விடுப்பில் இருக்கும். அலுவலக வேலையை ஜூலையிலேயே முடியுங்கள்.

ஊர்க்காவல் புனிதர் நாளும் அந்தந்த ஊருக்கு விடுமுறை: பொலோன்யாவுக்கு அக்டோபர் 4, மிலானுக்கு டிசம்பர் 7, ரோமுக்கு ஜூன் 29.

பிறகு சேர்த்தது: பலெர்மோவிலிருந்து ஓர் ஈழத்து அம்மா எழுதி, எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே பிள்ளை என்று கேட்டார். பலெர்மோவுக்கு ஜூலை 15, சாந்தா ரொசாலியாவின் நாள். அங்குள்ள தமிழர்கள், சைவர்களும் கத்தோலிக்கர்களும், மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி அந்தப் புனிதையை வணங்குகிறார்கள்.

படி 6: ஒருவர் வீட்டுக்குப் போகும்போது

கதவு திறந்திருந்தாலும் வாசற்படியில் நின்று "பெர்மேஸ்ஸோ?" என்று கேளுங்கள். "அவாந்தி" என்ற பதில் வந்த பிறகு உள்ளே கால் வையுங்கள். குடியிருப்பு அனுமதிக்கும் இதே பெயர்தான், பெர்மேஸ்ஸோ தி சொஜோர்னோ. செருப்பைக் கழற்றவா என்று கேட்டுவிட்டுக் கழற்றுங்கள், பல வீடுகளில் வேண்டாம் என்பார்கள்.

வெறுங்கையோடு போகக்கூடாது. பூ என்றால் ஒரு விஷயம். அக்டோபர் கடைசியில் பூக்கடை முழுக்க மஞ்சள் சாமந்தி குவிந்திருந்தது. ஆயுத பூஜை நினைவு வந்து மனது பொங்கி, பெரிய தொட்டி ஒன்றை வாங்கி மாடிப்படி ஏறினேன். அதே பக்கத்து வீட்டம்மா என்னை நிறுத்தி, "யார் இறந்துபோனார்கள்?" என்று பதறிக் கேட்டார். இங்கே சாமந்தி கல்லறைக்கு உரிய பூ. நவம்பர் 2 இறந்தோர் நாளுக்காகத்தான் அந்தக் குவியல். தொட்டியை நான் என் அறையிலேயே வைத்துக்கொண்டேன், விருந்துக்கு எடுத்துப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்கு இனிப்புக் கடையில் சின்னச் சின்னப் பலகாரங்கள் கலந்து அரைக் கிலோ கேளுங்கள். தங்க நிற அட்டைத் தட்டில் அடுக்கி, காகிதம் சுற்றி, நாடா கட்டித் தருவார்கள். நாடாவின் வளையத்தில் விரலை நுழைத்துத் தூக்கிக்கொண்டு, மணிப்பலகையில் அவர்கள் பெயரைத் தேடி அழுத்துங்கள். "கி ஏ?" என்று குரல் வரும். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.