அலர்ஜி வந்தால் முதல் 10 நிமிடம்: எதைப் பார்ப்பது, என்ன செய்வது

இறால் தொக்கு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் ஒருவருக்கு உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்து அரிக்க ஆரம்பித்தால், வீட்டில் எல்லோரும் தோலைத்தான் பார்ப்போம். ஒருவர் காணாக்கடி என்பார், இன்னொருவர் கரப்பான் பண்டம் சேரவில்லை என்பார், யாராவது செட்ரிசின் மாத்திரை தேடிக் கொண்டிருப்பார். பெரும்பாலும் அதோடு அடங்கியும் விடும். ஆனால் அலர்ஜியில் உயிருக்கு உலை வைப்பது தோல் இல்லை. தொண்டையும் மூச்சுக்குழாயும் அடைத்துக் கொள்வதும், ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்குவதும்தான். அதனால் இங்கே தோலைக் கடைசியில் பார்க்கப் போகிறோம்.

படி 1: ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள்

"காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். பதிலும் கிடைக்கும், குரலும் தெரியும். குரல் கரகரத்து மாறியிருக்கிறதா? இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறதா? நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறதா? எச்சில் விழுங்கச் சிரமமா? மூச்சில் விசில் சத்தம், விடாத வறட்டு இருமல் உண்டா?

அடுத்து ரத்த ஓட்டம். முகம் வெளிறி, உடம்பு வியர்த்துச் சில்லிட்டுப் போனால், கண் இருட்டுகிறது, தலை சுற்றுகிறது என்றால், நாடி மெலிந்து வேகமாக ஓடினால், அழுத்தம் இறங்குகிறது என்றே எடுத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது வயிறு. தேனீயோ கதண்டோ கொட்டிய பிறகு திடீரென வாந்தியும் வயிற்று முறுக்கலும் வந்தால், "பயத்தில் வாந்தி எடுக்கிறான்" என்று தள்ளி விடாதீர்கள். கொட்டுக்குப் பின் வரும் வாந்தி தீவிர அலர்ஜியின் அடையாளமாக இருக்கலாம்.

தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம் இவற்றோடு மேலே சொன்னதில் ஒன்று சேர்ந்தாலே அது அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி. தடிப்பே இல்லாமலும் இது வரும். ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாத பொருள் உள்ளே போயிருந்து மூச்சு திணறினால் தோலில் ஏதாவது தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நேரமும் ஒரு துப்பு. ஊசி மருந்து என்றால் சில நிமிடங்களில், பூச்சிக்கடி என்றால் பெரும்பாலும் கால் மணி, அரை மணிக்குள், சாப்பாடு என்றால் சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தொடங்கும். தடுப்பூசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான். பாதியில் எழுந்து கிளம்பி விடாதீர்கள்.

குழந்தை எப்படிச் சொல்லும்?

குழந்தைக்கு "தொண்டை இறுக்குது" என்று சொல்லத் தெரியாது. "நாக்குல முடி இருக்கு", "தொண்டையில முள்ளு குத்துது" என்று சொல்லும். காரமே இல்லாத கடலை மிட்டாயைத் தின்றுவிட்டு "காரமா இருக்கு" என்று அழும். நாக்கை விரலால் வழிக்கும், காதைக் குடையும். பேச்சு வராத கைக்குழந்தை என்றால் அடுத்தடுத்து வாந்தி, ஒழுகிக் கொண்டேயிருக்கும் எச்சில், அழுத குரல் கம்முவது ஆகியவற்றைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், துறுதுறுவென்றிருந்த பிள்ளை திடீரெனத் துவண்டு தூங்கப் பார்ப்பது. அழுது களைத்துத் தூங்குகிறது என்று தொட்டிலில் போட்டு விடாதீர்கள்.

பெரியவர்களிடம் சிக்கல் வேறு. அவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியும்! வாயுத்தொல்லை, வெயில், பிபி என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள். வலி மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ போட்ட சற்று நேரத்தில் உள்ளங்கை, உள்ளங்கால், தலை அரிக்கிறது என்றால் அவர்கள் சொல்லும் சமாதானத்தைக் கேட்காமல் குரலையும் நாடியையும் பாருங்கள்.

படி 2: படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள்

நம் ஊரில் அதிகம் தவறுவது இங்கேதான். மயக்கம் வருகிறது என்றவரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போவோம், அல்லது டூவீலரில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துப் பறப்போம். அழுத்தம் இறங்கிய நிலையில் எழுந்து நின்றால் ரத்தம் காலில் தங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து விடும். படுத்திருந்தவரைச் சட்டென எழுப்பியதாலேயே இதயம் நின்ற நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியுள்ளன.

மல்லாக்கப் படுக்க வைத்து, காலுக்கடியில் தலையணையோ பையோ வைத்து உயர்த்துங்கள். மூச்சு வாங்குபவருக்குப் படுத்தால் திணறும். கால் நீட்டிச் சாய்ந்து உட்காரட்டும். வாந்தி எடுப்பவரையும் நினைவு தப்பியவரையும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கர்ப்பிணி என்றால் இடது பக்கமாக. கைக்குழந்தையைத் தோளில் நிமிர்த்திச் சாத்தாமல் மடியில் கிடத்திக் கொள்ளுங்கள். தண்ணீர், காபி, மாத்திரை எதையும் வாயில் ஊற்ற வேண்டாம்.

படி 3: 108, அட்ரினலின்

ஒருவர் இவரைப் பார்த்துக் கொள்ள, இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும் (இலங்கையில் 1990). "அலர்ஜி, மூச்சு திணறுது" என்று முதலிலேயே சொல்லுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் காரின் இருக்கையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள மருத்துவமனைக்கே போங்கள். பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்று அரை மணி தூரம் ஓட வேண்டாம். அங்கே முதலில் தேவைப்படுவது அட்ரினலின் என்ற விலை குறைந்த, பழைய மருந்து. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவருக்கு அதிகபட்சம் 0.5, குழந்தைக்கு 0.3. சரியாகவில்லை என்றால் 5 நிமிடத்தில் திரும்பப் போடலாம்.

அரிப்புக்குப் போடும் அவில் ஊசியும் ஸ்டீராய்டும் இதற்கு ஈடாகாது. செட்ரிசின் வேலை செய்யவே அரை மணி, ஒரு மணி ஆகும். அப்போதும் அரிப்பைத்தான் அடக்கும், அடைத்த தொண்டையைத் திறக்காது. ஆஸ்துமா உள்ளவருக்கு இன்ஹேலர் கொடுக்கலாம், ஆனால் அட்ரினலினுக்குப் பிறகுதான். தானே போட்டுக் கொள்ளும் அட்ரினலின் பேனா கையில் இருந்தால், யோசிக்காமல் தொடையில் அழுத்துங்கள், பேன்ட்டின் மேலேயே போடலாம்.

படி 4: கொடுக்கு

தேனீ மட்டும்தான் கொடுக்கைத் தோலில் விட்டுப் போகும். நகத்தாலோ ஏடிஎம் அட்டையின் விளிம்பாலோ உடனே எடுத்து விடுங்கள். இடுக்கி தேடும் நேரத்தில் பையிலுள்ள விஷம் முழுதும் உள்ளே இறங்கி விடும். கதண்டு, குளவி கொடுக்கை விடாது, ஆனால் திரும்பத் திரும்பக் கொட்டும். ஆளை முதலில் கூட்டுக்குப் பக்கத்திலிருந்து தள்ளிக் கொண்டு வந்து விடுங்கள். சுண்ணாம்பு தடவுவதெல்லாம் அப்புறம்.

படி 5: நன்றாகி விட்டாலும் உடனே வீட்டுக்கு வராதீர்கள்

ஊசி போட்டதும் பத்து நிமிடத்தில் ஆள் தெளிந்து "கிளம்பலாமா" என்பார். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து, தின்ற பொருளைத் தொடாமலேயே, அதே அலர்ஜி இரண்டாம் முறை வரும். குறைந்தது 4 முதல் 6 மணி நேரமாவது மருத்துவமனையில் இருங்கள். கடுமையாக வந்திருந்தால் ஒரு ராத்திரி தங்கச் சொல்வார்கள்.

தோல் தடிப்பும் அரிப்பும் மட்டும்தான், மூச்சு, குரல், நாடி, வயிறு எல்லாம் சரி என்றால் மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருக்கும் அளவில் செட்ரிசின் கொடுத்து, 2 மணி நேரம் தனியே விடாமல் பார்த்துக் கொண்டால் போதும். இடையில் குரல் மாறினால் படி 2க்குப் போங்கள்.

வெளியே வரும்போது மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க அலர்ஜி நிபுணரைப் பார்க்க வேண்டுமா, வீட்டில் அட்ரினலின் வைத்துக் கொள்ள வேண்டுமா? மருந்தால் வந்தது என்றால் அட்டையில் உள்ள பிராண்ட் பெயரை மட்டும் குறிக்காமல், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் (அமாக்ஸிசிலின், டைக்ளோஃபெனாக் என்பது போல) எழுதி பர்ஸில் வையுங்கள். அதே மருந்து பத்துப் பெயர்களில் விற்கும். பிபிக்கு அட்டினலால், மெட்டோப்ரலால் சாப்பிடுபவர் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அவர்களுக்கு அட்ரினலின் சரியாகப் பிடிக்காமல் போகலாம், வேறு ஊசியும் தேவைப்படலாம்.