மே மாதத்து மொட்டை மாடியில் நாலு வேலை

பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே தங்கை தன் இரண்டு பிள்ளைகளையும் கடலூரில் என் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவாள். மூத்தவன் ஆறாவது முடித்தவன், சின்னவள் மூன்றாவது. போன வருஷம் ஒரு கடையில் 'அறிவியல் பெட்டி' என்று ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் மோட்டார் சுற்றவில்லை, பெட்டி பரணுக்குப் போய்விட்டது. இந்த வருஷம் எதையும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று முடிவு. வெயில், கடல் தண்ணீர், கடல் காற்று, நுங்கு. மே மாதத்தில் நம் ஊரில் இந்த நாலுக்கும் பஞ்சமே இல்லை. புதுச்சேரிக்காரர்களும் இதை அப்படியே செய்யலாம்.

நிழல் பெட்டி

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வேண்டியவை: செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி, அது நிறைய மணல், நேரான மெல்லிய மூங்கில் குச்சி, ஒரு பாசிமணி, வெள்ளைத்தாள், நூல், பென்சில்.

1. பெட்டியில் மணலை நிரப்பி மூடுங்கள். மூடியின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டுங்கள்.

2. மூடியின் நடுவில் துளை போட்டுக் குச்சியை மணலுக்குள் இறக்குங்கள். தாளுக்கு மேல் சரியாக 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். உச்சியில் பாசிமணியைச் செருகிவிடுங்கள். வெறும் குச்சியின் நுனி நிழல் கலங்கலாக விழும். மணியின் நிழல் ஒரு புள்ளி போலத் தெரியும், குறிப்பது சுலபம்.

3. பெட்டியை மாடியில் வைத்து, மூடி மேல் ஒரு கோலிக்குண்டை விடுங்கள். உருண்டால் தரை சாய்வு. அட்டைத்துண்டு முட்டுக்கொடுத்துச் சமன் செய்யுங்கள். அப்புறம் நூலில் ஒரு போல்ட்டைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோலக் குச்சியின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். குச்சி நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே தப்பாகும்.

4. காலை 11.30-லிருந்து 12.45 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மணியின் நிழல் விழும் இடத்தில் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். பெட்டியை நடுவில் நகர்த்தவே கூடாது.

தொப்பி, செருப்பு இல்லாமல் யாரும் மாடிக்கு ஏறக் கூடாது, தரை அப்படிச் சுடும். ஓடிப் போய்ப் புள்ளி வைத்துவிட்டு நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினேன்.

எந்தப் புள்ளி குச்சிக்கு மிக அருகில் இருக்கிறதோ அதுதான் நம் ஊரின் உண்மையான உச்சிப்பொழுது. மே மாதத்தில் அது 12 மணிக்கு வராது, 12.07 வாக்கில் வரும். இந்தியா முழுவதற்கும் கடிகாரம் மிர்சாப்பூர் பக்கம் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது. நாம் அதற்கு ஏறக்குறைய 2.75 பாகை மேற்கே இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம் என்றால் 11 நிமிடத் தாமதம். பூமியின் ஓட்டம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லாததால் மே மாதத்தில் அதில் மூன்று நாலு நிமிடம் குறைகிறது.

முதல் நாள் நான் ஒரு தப்புச் செய்தேன். "நிழல் வடக்கே விழும், பெட்டியோட இந்தப் பக்கத்துல 'வ'ன்னு எழுது" என்று சின்னவளிடம் சொன்னேன். பள்ளியில் படித்தது அப்படித்தான் மனதில் பதிந்திருந்தது. பன்னிரண்டு தாண்டியதும் அவள் மாடியிலிருந்து கத்துகிறாள்: "பெரியம்மா, நிழல் கெடிலம் பக்கம் போகலையே, இந்தப் பக்கம் வருது!" ஆறு எங்கள் வீட்டுக்கு வடக்கே. அவள் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டாள் என்று திட்டக்கூடப் போனேன். பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. மே மாதத்தில் நம் ஊரில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது.

கடலூர் இருப்பது ஏறக்குறைய 11.75 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் 21 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும், அன்று நண்பகலில் நேராக நிற்கும் குச்சிக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போகிறது, நிழல் தெற்கே விழுகிறது. மார்கழி, தை மாதங்களில் வெயிலே படாத என் அடுப்படியின் வடக்குச் சன்னலில் மே மாதத்தில் வெயில் ஏன் எட்டிப் பார்க்கிறது என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.

வாரம் ஒரு நாள் இதைச் செய்து நண்பகல் நிழலின் நீளத்தை அளந்து வையுங்கள். 30 செ.மீ. குச்சிக்கு மே 1-இல் 1.7 செ.மீ., மே 15-இல் 3.7, மாதக் கடைசியில் 5.4 என்று வர வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ஜூன் 21-க்குப் பிறகு நிழல் திரும்பச் சுருங்கும். ஆகஸ்ட் 21 வாக்கில் மறுபடியும் நிழலில்லா நாள் வரும், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தட்டில் உப்பளம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போனவர்கள் மரக்காணத்தில் உப்புப் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். அதையே தட்டில் செய்யப்போகிறோம்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு லிட்டர் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வாருங்கள். பெரியவர்தான் இறங்க வேண்டும், முழங்கால் ஆழம் போதும். கெடிலம் கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள், அங்கே உப்பு குறைவாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள்.

தட்டு அகலமாக, கறுப்புப் பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. கறுப்பு வெயிலை இழுக்கும், வெள்ளை உப்பும் பளிச்சென்று தெரியும். எவர்சில்வர் வேண்டாம், உப்பு புள்ளி புள்ளியாக அரித்துவிடும். என் தாம்பாளம் ஒன்று அப்படித்தான் போனது.

ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளில் ஆளுக்கு அரை லிட்டர் ஊற்றி வெயிலில் வையுங்கள். ராத்திரி மூடி வையுங்கள். முதல் நாள் சாயங்காலம் வரை ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகும்போது அடியில் மாவு போல மெல்லிய வெள்ளைப் படிவு தெரியும். அது உப்பில்லை, ஜிப்சம். பத்தில் ஒரு பங்காகச் சுண்டியதும்தான் நிஜமான உப்பு பூக்கும். தட்டை ஆட்டாமல் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: சின்னச் சின்னச் சதுரங்கள், சிலது தண்ணீர் மேலேயே மிதக்கும், நடுவில் படிப்படியாகக் குழிந்திருக்கும். மூத்தவன் அரை மணி நேரம் குனிந்தபடியே இருந்தான், சோறு ஆறிப்போனது.

இப்போது இரண்டு தட்டையும் வேறு வேறாக நடத்துங்கள். ஒன்றில் கடைசியாக மிஞ்சும் ஒரு கரண்டித் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிடுங்கள். இன்னொன்றை முழுக்கக் காயவிடுங்கள். இரண்டையும் ராத்திரி திறந்தபடி வீட்டுக்குள் வைத்துக் காலையில் தொட்டுப் பாருங்கள். முழுக்கக் காய்ந்தது கசகசவென்று ஈரமாகியிருக்கும். கடைசித் தண்ணீரில் இருக்கும் மக்னீசிய உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் வரும் வினை இது. கசப்பும் அதனால்தான். உப்பளத்திலும் இந்தக் கசப்புத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் உப்பை வாருவார்கள்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். குழம்பில் மட்டும் போட வேண்டாம், கரையோரத் தண்ணீரில் எது எது கலந்திருக்கிறதோ.

காற்றாடியும் கடல் காற்றும்

15 செ.மீ. சதுரத் தாள், நாலு மூலையிலிருந்தும் நடுவை நோக்கிப் பாதிக்கு மேல் வெட்டு, ஒன்றுவிட்டு ஒரு முனையை நடுவுக்கு மடித்துக் குண்டூசி. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? பனை ஓலையும் வேல முள்ளும் கிடைத்தால் இன்னும் நன்றாகச் சுற்றும். பக்கத்திலேயே ஒரு ரிப்பனையும் கட்டுங்கள். காலையில் மேல்காற்று அடித்தால் ரிப்பன் கடலைப் பார்த்துப் பறக்கும். கடல் காற்று இறங்கியதும் திரும்பிக்கொள்ளும். அது எத்தனை மணிக்கு என்று தினமும் எழுதிவைத்தால், காற்று தாமதமாக வந்த நாள்தான் வேர்த்துக் கொட்டிய நாள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாக. நிலத்தின் மேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் காற்று வருகிறது.

நுங்கு வண்டி

நுங்கைத் தின்றுவிட்டுக் காயைக் குப்பையில் போடாதீர்கள். ஒரே அளவில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு அடி நீளக் கெட்டிக் குச்சியின் இரு முனையையும் பெரியவர் கூராகச் சீவித் தரட்டும். நுங்கு எடுத்த பக்கத்தின் நடுவிலிருந்து பின்பக்கம் வரை குத்தி இறக்கினால் இரண்டு சக்கரமும் அச்சும் ஆயிற்று. நாலடி நீளக் கவட்டைக் குச்சியின் கவட்டையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும்.

அப்புறம் ஒரு சக்கரத்தைக் கழற்றிச் சின்னக் காய் ஒன்றைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். வண்டி சின்னச் சக்கரத்தின் பக்கமாக வளைந்து வளைந்து போகும். "ஏன் பெரியம்மா?" என்று கேட்டால் பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு காயின் சுற்றளவையும் நூலால் அளந்து, ஒரு சுற்றில் எது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கச் சொல்லுங்கள். காய் மூன்று நாலு நாளில் வதங்கிவிடும், எறும்பும் வரும், வண்டியை வாசலிலேயே நிறுத்துங்கள்.